மறுபதிப்பும் திருத்திய பதிப்பும்: பேஸ் கிட்டார் பற்றி ஓர் இயற்பியல் நோக்கு

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

நூலகத்தில் ஒரே நூலின் இரண்டு படிகளை எடுத்துப் பார்த்தால், ஒன்றில் 'மறுபதிப்பு' என்றும் மற்றொன்றில் 'திருத்திய பதிப்பு' என்றும் அச்சிட்டிருப்பதைக் காணலாம். மறுபதிப்பு முதற்பதிப்பை எழுத்து மாறாமல் தருவது. முதற்பதிப்பின் அச்சுப்பிழைகளும் அதில் அப்படியே வந்து சேரும். திருத்திய பதிப்பு பிழைகளைக் களைந்து, புதிய செய்திகளைச் சேர்த்துத் தருவது. ஆனால் திருத்தியவர் கைபட்டு, முன்பு நன்றாயிருந்த ஒரு பத்தி காணாமற்போவதும் உண்டு. தேர்வுக்குப் படிக்கும் மாணவன் எதை வாங்குவது?

இதே கேள்வி இசைக்கருவிகளிலும் எழுகிறது. மின்சார பேஸ் கிட்டார் என்னும் கருவியை, அதை முதலில் பெருமளவில் செய்து விற்ற ஃபெண்டர் நிறுவனமே இன்று இருவகையாகச் செய்து வருகிறது. ஒன்று 1960ஆம் ஆண்டுகளில் செய்ததைப் போலவே செய்யும் மறுபதிப்பு. மற்றொன்று காலத்திற்கேற்ப மாற்றங்கள் செய்த புதிய வடிவம். இரண்டையும் வைத்துக்கொண்டு உலகெங்கும் இசைக்கலைஞர்கள் வாதிட்டு வருகின்றனர். அந்த வாதத்தில் இயற்பியல் எவ்வளவு, ஏக்கம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தலைப்பை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் வாசிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். இரண்டு ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், கைமாறி வரும் நல்ல கருவி ஒன்றை வாங்க அவர் எண்ணினார். விலைக்கு வந்தவை இரண்டு. ஒன்று பழைய மாதிரியின் மறுபதிப்பு. மற்றொன்று புதிய வடிவம். "தம்பி, நீ பி.எஸ்ஸி. படிக்கிறியே, எது நல்லதுன்னு கணக்குப் போட்டுச் சொல்லு" என்று என்னிடம் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். படிப்பை நம்பி ஒருவர் தம் சேமிப்பை நம் சொல்லில் வைக்கும்போது, வாய்க்கு வந்ததைச் சொல்ல இயலாது. ஆகவே படித்தேன், அவரிடம் இருந்த பழகிய கருவியை வாங்கி அளந்தும் பார்த்தேன்.

கருவியின் வரலாறு

பேஸ் கிட்டார் தோன்றுவதற்கு முன், தாழ்ந்த சுரங்களுக்கு ஆளுயர டபுள் பேஸ் வாத்தியமே பயன்பட்டது. அதைத் தூக்கிச் செல்வது கடினம். பெரிய கூட்டத்தில் அதன் ஒலி கேட்பதும் கடினம். 1930ஆம் ஆண்டுகளிலேயே சியாட்டல் நகரில் பால் டுட்மார்க் என்பவர், கிட்டாரைப் போல் குறுக்காக வைத்து வாசிக்கும் மின்சார பேஸ் ஒன்றைச் செய்தார். ஆயினும் அது பரவவில்லை. கலிபோர்னியா மாநிலத்தின் புல்லர்ட்டன் ஊரில் வானொலிப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், 1951இல் 'பிரிசிஷன் பேஸ்' என்னும் கருவியை வெளியிட்டார். கணக்கியல் படித்த அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது என்பது வியப்பான செய்தி. வாசிப்பவர்கள் சொல்லும் குறையைக் காதுகொடுத்துக் கேட்டு, மறுநாள் அதைத் தீர்க்க முனைவதே அவர் வழக்கம்.

அவர் அமைத்த கம்பியின் நீளம் 34 அங்குலம், அதாவது 86.4 செ.மீ. வீணையில் உள்ளதைப் போன்ற மெட்டுகளை விரற்பலகையில் பதித்ததால் சுரம் துல்லியமாக விழுந்தது. 'பிரிசிஷன்' என்னும் பெயரும் அதனால் வந்ததே. 1957இல் அதன் பிக்கப் இரு பகுதிகளாகப் பிரித்து அமைக்கப்பட்டது. 1960இல் 'ஜாஸ் பேஸ்' வந்தது. அதில் இரண்டு பிக்கப்புகள். கழுத்தும் தலைப்பக்கத்தில் ஒன்றரை அங்குலமாகக் குறுகியது. இக்கட்டுரையில் ஜாஸ் பேஸையே முதன்மையான எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

1965 ஜனவரியில் லியோ தம் நிறுவனத்தை 130 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். என்னும் பெருநிறுவனத்திற்கு விற்றார். அதற்குப்பின் வந்த கருவிகளின் தரம் குறைந்தது என்னும் எண்ணம் வாசிப்போரிடையே வலுத்தது. '1965க்கு முந்தியது' என்பதே ஒரு தரச்சான்றாயிற்று. பழைய கருவிகளின் விலை ஏறியது. இதைக் கண்ட நிறுவனம், 1982இல் தன் பழைய மாதிரிகளையே மறுபதிப்பாக வெளியிடத் தொடங்கியது. 1957, 1962ஆம் ஆண்டுகளின் பிரிசிஷன் பேஸும், 1962ஆம் ஆண்டின் ஜாஸ் பேஸும் அவ்வாறு வந்தன. 1985இல் நிறுவனத்தை அதன் பணியாளர் குழு ஒன்றே சி.பி.எஸ்ஸிடமிருந்து வாங்கிக்கொண்டது. மறுபதிப்பு வரிசை பின்னரும் தொடர்ந்தது. 2022இல் வந்த வரிசையில் 1966ஆம் ஆண்டின் ஜாஸ் பேஸ் இடம்பெற்றது. மறுபக்கம், 2019இல் 'அமெரிக்கன் அல்ட்ரா', 2020இல் 'அமெரிக்கன் புரொபஷனல் 2' ஆகிய புதுவடிவங்களும் வந்தன.

சுரமானியும் பேஸ் கிட்டாரும்

முதலாண்டில் நாம் எல்லோரும் சுரமானி ஆய்வைச் செய்திருக்கிறோம். இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண் அதன் நீளத்திற்கு எதிர்விகிதத்திலும், இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்திலும் இருக்கும் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். பேஸ் கிட்டார் நான்கு கம்பிகள் பூட்டிய சுரமானியே. அதன் திறந்த கம்பிகளின் அதிர்வெண்கள் முறையே 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். தடித்த கம்பியில் அலை செல்லும் வேகம், நீளத்தின் இருமடங்கை அதிர்வெண்ணால் பெருக்கினால் கிடைக்கும்: வினாடிக்கு ஏறத்தாழ 71 மீட்டர்.

சுரமானியில் இல்லாதது பிக்கப். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றியதே பிக்கப். எஃகுக் கம்பி அதன்மேல் அதிரும்போது காந்தப்பாயம் மாறுகிறது. பாரடே விதிப்படி சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. இங்கே ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். பிக்கப் கேட்பது கம்பியின் அசைவை, மரத்தின் ஓசையையன்று. மரம் கம்பியின் அசைவை எவ்வளவு மாற்றுகிறதோ, அவ்வளவே அதன் பங்கு.

பிக்கப்பின் இருப்பிடம்

கம்பி ஒரே நேரத்தில் பல சீரிசைகளாக அதிர்கிறது. பிக்கப் எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த இடத்தில் கணு அமையும் சீரிசை அதற்குக் கேட்பதில்லை. வீணைக்காரர் குதிரை என்று சொல்லும் பிரிட்ஜிலிருந்து பிக்கப் உள்ள தூரத்தை x என்றும், கம்பியின் நீளத்தை L என்றும் கொண்டால், n ஆவது சீரிசை பிக்கப்பிற்குக் கிடைக்கும் அளவு sin(nπx/L) என்பதைப் பொறுத்தது.

1960ஆம் ஆண்டுகளின் ஜாஸ் பேஸில் குதிரைப்பக்கப் பிக்கப்பின் நடுக்கோடு, குதிரையிலிருந்து ஏறத்தாழ 2.4 அங்குலம். அண்ணனின் பழகிய கருவியும் அந்த மாதிரியைப் பின்பற்றியதே. அளந்தபோது 6 செ.மீ.க்குச் சற்று மேல் இருந்தது. 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நிறுவனம் அந்தப் பிக்கப்பைக் குதிரையை நோக்கி ஏறத்தாழ 1 செ.மீ. நகர்த்தியது. அதாவது தூரம் சுமார் 2 அங்குலமாயிற்று. ஒரு செ.மீ. என்ன செய்துவிடும்? கணக்கிட்டுப் பார்ப்போம்.

அடிப்படைச் சுரத்திற்கு இந்த இருப்பிடக் காரணி பழைய இடத்தில் 0.22, புதிய இடத்தில் 0.18. எட்டாவது சீரிசைக்குப் பழைய இடத்தில் 0.98, புதிய இடத்தில் ஏறக்குறைய 1. ஆகவே அடிப்படைச் சுரத்தோடு ஒப்பிட, எட்டாவது சீரிசையின் பங்கு பழைய இடத்தில் 4.5 மடங்கு, புதிய இடத்தில் 5.4 மடங்கு. ஓசையில் கனம் குறைந்து கூர்மை கூடியது என்று வாசிப்பவர்கள் காதால் சொன்னதைக் கணக்கும் சொல்கிறது.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். 'பழைய ஓசை' என்று ஒன்று மட்டும் இல்லை. 1960இன் பழமை வேறு, 1975இன் பழமை வேறு. மறுபதிப்பு வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இது எந்த ஆண்டின் மறுபதிப்பு?' என்பதே.

இரைச்சல்

குழல்விளக்குகளும் ஜெனரேட்டரும் சூழ்ந்த திருவிழா மேடையில் பேஸ் கிட்டாரை ஒலிபெருக்கியோடு இணைத்தவுடன் 'ம்ம்ம்' என்றொரு முனகல் கேட்கும். மின்கம்பிகளில் செல்லும் மாறுதிசை மின்னோட்டத்தின் காந்தப்புலம் பிக்கப்பின் சுருளில் தூண்டும் மின்னழுத்தமே அது.

ஜாஸ் பேஸில் இதற்கு லியோ ஓர் எளிய வழி வைத்திருந்தார். இரண்டு பிக்கப்புகளில் ஒன்றின் காந்தமும் சுற்றுத்திசையும் மற்றொன்றுக்கு எதிர். இரண்டையும் ஒரே அளவில் திறந்து வைத்தால், கம்பியின் ஓசை கூடும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். ஆனால் ஒரு குமிழை மட்டும் குறைத்தால் சமநிலை கெட்டு முனகல் திரும்பிவிடும். அண்ணனின் கருவியிலேயே இதைச் செய்து பார்க்கலாம். ஐயமே இல்லாமல் கேட்கும்.

இதில் நம் நாட்டிற்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் மின்னோட்டத்தின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ்; இங்கு 50. தடித்த கம்பியில் மூன்றாம் மெட்டை அழுத்தினால் வரும் சுரம் 49 ஹெர்ட்ஸ். மெல்லிய கம்பியைத் திறந்து மீட்டினால் 98. மின்னிரைச்சலோ 50, அதன் இருமடங்கு 100. இரண்டிற்கும் இடையே ஒன்றோ இரண்டோ அதிர்வுகள்தாம் வேறுபாடு. இரைச்சல் வலுவாக இருந்தால், ஜி சுரத்தை நீட்டி நிறுத்தும்போது வினாடிக்கு இரண்டு விம்மல்கள் எழலாம். கலிபோர்னியாவில் இருந்த வடிவமைப்பாளருக்கு இந்தத் தொல்லை இதே சுரத்தில் வந்திராது.

மறுபதிப்பில் இந்தப் பழைய அமைப்பு அப்படியே உள்ளது. 2019இன் அல்ட்ரா வடிவத்தில் இரைச்சல் நீக்கும் பிக்கப்புகள் பொருத்தப்பட்டன. ஒரு குமிழைக் குறைத்தாலும் முனகல் வராது. இது ஐயமற்ற முன்னேற்றம்.

மின்கலமும் முன்பெருக்கியும்

பழைய கருவியில் மின்கலம் கிடையாது. சுருளில் பிறந்த மின்னழுத்தம் குமிழ்களைக் கடந்து நேரே கம்பிவடத்தில் செல்கிறது. அந்த வடத்திற்கும் மின்தேக்குதிறன் உண்டு; மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரடு எனக் கொள்வோம். பிக்கப்பின் மின்தூண்டல் எண் 4 ஹென்றி என்று எடுத்துக்கொண்டு, ஒத்ததிர்வு அதிர்வெண்ணைக் கணக்கிடலாம். 5 மீட்டர் வடத்திற்கு அது ஏறத்தாழ 3,560 ஹெர்ட்ஸ். 10 மீட்டர் வடத்திற்கு 2,520 ஹெர்ட்ஸ். வடம் நீண்டால் ஓசையின் கூர்மை மங்குகிறது. பெரிய மேடையில் தொலைவில் நின்று வாசிப்பவர், சிறிய அறையில் கேட்ட அதே ஓசையைப் பெறமாட்டார்.

கருவிக்குள்ளேயே மின்கலத்தால் இயங்கும் முன்பெருக்கி வைத்தால் இந்தக் குறை தீரும். அதன் வெளிவரு மின்மறுப்பு குறைவாதலால், வடத்தின் நீளம் ஒரு பொருட்டாகாது. தாழ்ந்த, நடுத்தர, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் முடியும். அல்ட்ராவில் 18 வோல்ட்டில் இயங்கும் முன்பெருக்கி இருந்தது. மின்கலம் தீர்ந்துவிட்டால் பழைய முறைக்கு மாற ஒரு விசையும் இருந்தது. இந்தச் சிறு விசையைத்தான் நான் மிகவும் மெச்சுகிறேன். புதியதைச் சேர்த்தவர், பழையதற்குத் திரும்பும் வழியையும் அடைக்காமல் விட்டிருக்கிறார்.

கழுத்தும் விரற்பலகையும்

நான்கு கம்பிகளின் இழுவிசை கழுத்தை முன்னோக்கி வளைக்க முயலும். அதைத் தாங்கக் கழுத்தினுள் 'டிரஸ் ராடு' என்னும் எஃகுக் கோல் ஓடுகிறது. அதன் மறையைத் திருகி வளைவைச் சரிசெய்யலாம். பழைய மாதிரியில் அந்த மறை, கழுத்து உடலோடு சேரும் அடிப்பக்கத்தில் இருக்கும். அதைத் திருகக் கம்பிகளைத் தளர்த்தி, கழுத்தையே கழற்ற வேண்டும். மாட்டிப் பார்த்துச் சரியில்லையென்றால், மீண்டும் கழற்ற வேண்டும். புதிய வடிவங்களில் அது தலைப்பக்கத்தில் உள்ளது, கழற்றாமலே திருகலாம். ஐப்பசி மழையில் ஊறிப் பங்குனி வெயிலில் காயும் நம் ஊரில் இது எத்தனை பெரிய வசதி என்பதை மரவேலை தெரிந்தவர் அறிவர்.

புரொபஷனல் 2, அல்ட்ரா இரண்டின் கழுத்திலும் கிராஃபைட் கோல்களும் சேர்க்கப்பட்டன. கழுத்தின் விறைப்பு இதனால் கூடுகிறது. பேஸ் கிட்டார்களில் ஒரு பழங்குறை உண்டு. மெல்லிய கம்பியில் ஐந்தாம் மெட்டு முதல் ஏழாம் மெட்டு வரையில் ஏதோ ஓரிடத்தில் ஓசை சட்டென்று அடங்கிவிடும். அதை 'ஊமை இடம்' எனலாம். அங்குள்ள சுரங்கள் 131 முதல் 147 ஹெர்ட்ஸ் வரை. கழுத்தின் இயல்பதிர்வும் அதனருகே அமைந்தால், கம்பியின் ஆற்றலைக் கழுத்து வாங்கிக்கொள்கிறது, இது ஒத்ததிர்வே. விறைப்புக் கூடினால் கழுத்தின் இயல்பதிர்வு இடம் மாறும். ஆயினும் ஊமை இடம் முற்றிலும் நீங்கிவிடும் என்று கொள்ளலாகாது. அது வேறொரு மெட்டுக்குச் சென்றிருக்கலாம். ஆகவே கருவி புதியதாயினும் பழையதாயினும், ஒவ்வொரு மெட்டையும் அழுத்திக் கேட்டே வாங்க வேண்டும்.

விரற்பலகை தட்டையானதன்று, ஓர் உருளையின் மேற்பரப்பைப் போல வளைந்தது. பழைய மாதிரியில் அந்த உருளையின் ஆரம் 7.25 அங்குலம், புரொபஷனல் 2இல் 9.5 அங்குலம்; அல்ட்ராவில் தலைப்பக்கம் 10 அங்குலத்தில் தொடங்கி 14 அங்குலமாகத் தட்டையாகிறது. 38 மி.மீ. அகலமுள்ள தலைப்பக்கத்தில், பலகையின் நடுப்பகுதி ஓரத்தைவிட முதலாவதில் 1 மி.மீ. உயர்ந்திருக்கும், இரண்டாவதில் 0.75 மி.மீ. கால் மில்லிமீட்டர் வேறுபாடு சிறிதென்று தோன்றலாம். மூன்று மணி நேரம் வாசிக்கும் விரலுக்கு அது தெரியும். எது வசதி என்பது அவரவர் கையைப் பொறுத்தது. இதில் இயற்பியல் தீர்ப்புச் சொல்வதற்கில்லை.

பிழையும் பதிப்பிக்கப்படுகிறது

மறுபதிப்பில் அச்சுப்பிழையும் வரும் என்றேன். அதற்கு நல்ல சான்று ஒன்று. பழைய மாதிரியில் மெல்லிய கம்பிக்குக் கீழே சிறு கட்டை ஒன்று திருகப்பட்டிருக்கும். வாசிப்பவர் கட்டைவிரலால் மீட்டுவார், மற்ற விரல்கள் அந்தக் கட்டையைப் பற்றிக்கொள்ளும் என்று லியோ எண்ணினார். ஆனால் பெரும்பாலோர் மற்ற விரல்களால் மீட்டத் தொடங்கினர். கட்டைவிரலுக்கே ஊன்றுமிடம் தேவைப்பட்டது. 1974இல் அந்தக் கட்டை தடித்த கம்பியின் பக்கத்திற்கு மாற்றப்பட்டது. ஆயினும் 1962ஆம் ஆண்டு மாதிரியின் மறுபதிப்பில் அது பழைய இடத்திலேயே வந்தது. பயன் கருதி அன்று; படி பிசகக்கூடாது என்பதற்காக.

இவ்விடத்தில் என் தந்தையார் சொன்னதை எழுதுவது பொருந்தும். அவர் தச்சர். பழைய கருவிகளே சிறந்தவை என்று எல்லோரும் சொல்கிறார்களே, அக்காலத்து மரமும் வேலையும் அப்படியா என்று அவரிடம் கேட்டேன். இழைப்புளியை நிறுத்தாமலே சொன்னார்: "நம்ம தெருவுல நூறு வருசத்துக் கதவு ரெண்டு நிக்குது. அப்ப செஞ்ச மத்தக் கதவெல்லாம் எங்க போச்சுன்னு யாராவது கேட்டாங்களா? உளுத்துப் போச்சு, அடுப்புல எரிஞ்சு போச்சு. நல்லது மட்டும் நின்னுச்சு. அதப் பாத்துட்டு அந்தக் காலத்து வேலை எல்லாமே நல்ல வேலைங்கிறோம்."

புள்ளியியல் பாடத்தில் கூறெடுப்புச் சாய்வு என்று படிப்பதை, பள்ளியிறுதி தாண்டாத ஒருவர் இரண்டு கதவுகளைக் கொண்டு விளக்கிவிட்டார். 1962இல் செய்த கருவிகளிலும் நன்றாக அமைந்தவை போற்றிக் காக்கப்பட்டன. சரியில்லாதவை உடைந்தும் தொலைந்தும் போயின. எஞ்சியவற்றைக் கேட்டு அந்த ஆண்டையே புகழ்கிறோம்.

பழைய ஓசையைப் படைத்தவர்கள்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோடவுன் நிறுவனத்தின் பாடல்களுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962ஆம் ஆண்டின் பிரிசிஷன் பேஸை வைத்திருந்தார். அவருடைய ஓசையைத் தேடியே பலர் மறுபதிப்பு வாங்குகின்றனர். ஆனால் அவர் அந்தப் பாடல்களைப் பதிவு செய்த 1960ஆம் ஆண்டுகளில் அது பழங்கருவியா? அன்று, கடையில் கிடைத்த புதுக் கருவியே. அவருடைய ஓசையில் பெரும்பங்கு, தட்டைச் சுற்றுக் கம்பிகளுக்கும், அவற்றை எளிதில் மாற்றாத அவர் பழக்கத்திற்கும், எல்லாவற்றிற்கும் மேலாக மீட்டிய அவர் விரலுக்கும் உரியது. தட்டைச் சுற்றுக் கம்பியை எந்தக் கருவியிலும் பூட்டலாம். அதற்கு மறுபதிப்பு தேவையில்லை.

ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்னும் மற்றொரு மேதை 1962ஆம் ஆண்டின் ஜாஸ் பேஸ் வைத்திருந்தார். அவர் அதைப் பெட்டியில் பூட்டிக் காக்கவில்லை. மெட்டுகளே இல்லாத அதன் விரற்பலகையின்மேல் எபாக்ஸி பூசி வாசித்தார். 1976இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டு பேஸ் வாசிப்பின் போக்கையே மாற்றியது.

லியோ ஃபெண்டரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1976இல் மியூசிக் மேன் நிறுவனத்தின் வழியாக அவர் தந்த 'ஸ்டிங்ரே' பேஸிலும், 1980இல் ஜி அண்டு எல் நிறுவனத்தில் செய்த 'எல்-2000' பேஸிலும் இரட்டைச் சுருள் பிக்கப்பும் மின்கலச் சுற்றும் இருந்தன. பிறர் அவருடைய 1962ஐ மறுபதிப்புச் செய்துகொண்டிருந்தபோது, 1991இல் மறையும் வரை அவர் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

அப்படியாயின் எது நல்லது?

என் ஆய்வின் முடிவை மூன்று பிரிவாகத் தருகிறேன்.

முதலாவது, இரு பதிப்பிலும் மாறாதவை: 34 அங்குலக் கம்பி நீளம், காந்தப் பிக்கப், திருகிப் பொருத்திய கழுத்து. இவை முதற்பதிப்பிலேயே சரியாக அமைந்தவை. எழுபது ஆண்டுகள் கடந்தும் இவற்றை மாற்ற வேண்டிய தேவை வரவில்லை.

இரண்டாவது, திருத்தியதால் தெளிவாக நன்மை விளைந்தவை: இரைச்சல் நீக்கம், தலைப்பக்கத்து டிரஸ் ராடு, நீண்ட வடத்தையும் தாங்கும் முன்பெருக்கி. இவற்றில் பழையதைப் போற்ற இயற்பியலில் இடமில்லை.

மூன்றாவது, சுவையைச் சார்ந்தவை: விரற்பலகையின் வளைவு, பிக்கப்பின் இடம், மேற்பூச்சு. பழைய நைட்ரோ செல்லுலோஸ் பூச்சு நாளடைவில் மங்கிக் கீறல் விடும். புதிய யூரித்தேன் பூச்சு உறுதியானது. பிக்கப் கம்பியைத்தான் கேட்கிறது என்று முன்பே கண்டோம். ஆகவே பூச்சின் பயன் காதைவிடக் கண்ணுக்கும் கைக்குமே மிகுதி. அதற்காக அது பொருளற்றது என்றும் சொல்லமாட்டேன். கையில் எடுக்கும்போது மகிழ்ச்சி தராத கருவியை யாரும் நெடுநேரம் பயிலமாட்டார்.

அண்ணனுக்கு இதை இரண்டு பக்கங்களில் எழுதிக் கொடுத்தேன். மழையிலும் வெயிலிலும், ஜெனரேட்டர் அருகிலும், நீண்ட வடத்தோடும் வாசிக்கும் அவருக்குப் புதிய வடிவமே ஏற்றது என்றும், பழைய பாடல்களுக்கு வேண்டிய ஓசைக்குத் தட்டைச் சுற்றுக் கம்பி பூட்டினால் போதும் என்றும் அதில் குறித்தேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்து, இரண்டு பிக்கப்புகளையும் திறந்து வைத்து, ஒரே வகை ஓசையை நாடுபவருக்கு மறுபதிப்பைப் பரிந்துரைப்பதில் எனக்குத் தடையில்லை. கருவியின் தரம் அதன் பிறந்த ஆண்டில் இல்லை. அதை எங்கே, எதற்காக, யார் வாசிக்கப்போகிறார் என்பதில் இருக்கிறது.

மாணவ நண்பர்களே! பழையது என்பதற்காகப் போற்றுவதும், புதியது என்பதற்காகத் தாவுவதும் எளிது; இரண்டிற்கும் அளவுகோல் வேண்டியதில்லை. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே எடுத்து, 'இது ஏன் இவ்வாறு செய்யப்பட்டது? அந்தக் காரணம் இன்றும் இருக்கிறதா?' என்று கேட்பதுதான் கடினம். காரணம் இன்றும் இருந்தால், அது எவ்வளவு பழையதாயினும் காப்போம். காரணம் போயிருந்தால், எவ்வளவு அழகாயினும் திருத்துவோம். நம் ஆய்வகத்தில் ஒரு கம்பியையும் சில எடைக்கற்களையும் வைத்துக்கொண்டு நாம் கற்பது இந்த ஒரு பழக்கத்தைத்தான். அது பேஸ் கிட்டாருக்கு உதவியது. வீட்டிலும் ஊரிலும் நம் கைக்கு வந்து சேரும் மற்றப் பழம்பொருள்களுக்கும் அது உதவும் என்று நம்புகிறேன்.